தொடக்க மதிப்பில்லாத மாறிகள்: கம்பைலர் எச்சரிக்கையிலிருந்து பேட்ச் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சி மொழியில் எழுதப்பட்ட ஏதேனும் ஒரு திறமூல நிரலை இறக்கி, எச்சரிக்கைகள் அனைத்தையும் இயக்கிவிட்டுக் கம்பைல் செய்தால், ஓடிவரும் வரிகளுக்கிடையே இப்படி ஒன்று அநேகமாகத் தென்படும்: இன்ன மாறி, இன்ன ஃபங்ஷனுக்குள், தொடக்க மதிப்பு எதுவும் பெறாமலேயே பயன்படுத்தப்படலாம். பங்களிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு இது எளிய நுழைவாயிலாகத் தோன்றுகிறது. மாறி அறிவிக்கப்பட்ட வரிக்குப் போய் ‘= 0’ என்று சேர்த்தால் எச்சரிக்கை மறைந்துவிடுகிறது; பேட்ச்சும் (திட்டத்துக்கு அனுப்பும் திருத்தம்) ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒற்றை வரியைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள் என்று சொல்வதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எச்சரிக்கை என்பது நிரலுக்குள் இருக்கும் ஒரு பாதையைப் பற்றிய கேள்வி. அந்தப் பாதையைக் கண்ணால் காணாமல் எழுதப்படும் எந்தத் திருத்தமும் ஊகம்தான்.

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார்ப் பக்கத்துத் தமிழ் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன் (ஆந்திரத்துச் சித்தூர்க்காரர்களும் படிக்கலாம், தடையில்லை). கேரளப் பள்ளிகளில், மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் அமைப்பின் குனு/லினக்ஸ் பதிப்பில்தான் கணினிப் பாடம் நடக்கிறது என்பதால், தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கும் லினக்ஸ் புதிதல்ல. ஆகவே டெர்மினலைத் திறப்பது எப்படி என்பதிலிருந்து தொடங்கப் போவதில்லை.

எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளும் நிரல்

எடுத்துக்காட்டும் நம் பக்கத்திலிருந்தே இருக்கட்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பது சித்தூர்ப்புழை ஆயக்கட்டு விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அப்படியோர் அணைக்கட்டின் நீர்மட்டப் பதிவேட்டை வாசித்து, வினாடிக்கு எத்தனை கன அடி ஓடியது என்று கணக்கிடும் ஒரு சிறு நிரலைக் கற்பனை செய்துகொள்வோம். பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் தேதி, நீர்மட்டம், அது அடியா மீட்டரா என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்து ஆகிய மூன்றும் இருக்கும்.

கணக்கிடும் ஃபங்ஷனுக்குள் ‘ஓட்டம்’ என்ற இன்ட் மாறி மதிப்பின்றி அறிவிக்கப்பட்டிருக்கிறது. அடுத்து ஒரு ஸ்விட்ச்: அலகு அடியாக இருந்தால் ஒரு கணக்கின் விடை ‘ஓட்ட’த்தில் இடப்படுகிறது, மீட்டராக இருந்தால் வேறொரு கணக்கின் விடை. ஸ்விட்ச் முடிந்ததும் ‘ஓட்டம்’ ரிட்டர்ன் செய்யப்படுகிறது. டீஃபால்ட் கிளை இல்லை. பதிவு செய்தவர் அலகை எழுத மறந்துபோன ஒரு வரி வந்தால், இரண்டு கிளைகளிலும் நுழையாமல் நேரே ரிட்டர்னுக்கு வந்துவிடுகிறோம்.

அப்போது என்ன மதிப்பு திரும்பும்? குளோபல் மாறிகளும் ஸ்டாட்டிக் மாறிகளும் தாமாகவே சுழியத்தில் தொடங்கும் என்று சி மொழி உறுதி தருகிறது. ஃபங்ஷனுக்குள் அறிவிக்கப்படும் சாதாரண மாறிக்கு அந்த உறுதி கிடையாது. ஸ்டாக்கில் முன்பு கிடந்த ஏதோ ஒன்று அதில் இருக்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் பாதிதான் சரி. இப்படிப்பட்ட மாறியை வாசிப்பது வரையறுக்கப்படாத செயல் என்பதால், அது நிகழவே நிகழாது என்று எடுத்துக்கொண்டு நிரலைச் சுருக்கக் கம்பைலருக்கு உரிமை உண்டு. மேற்கண்ட ஃபங்ஷனில், அலகு அடி அல்ல என்று தெரிந்ததுமே அது மீட்டர்தான் என்று கம்பைலர் முடிவுகட்டி, இரண்டாவது சோதனையையே தூக்கிவிடலாம். டீபக் பில்டில் (பிழை தேடுவதற்காகக் கம்பைல் செய்தது) ஒழுங்காக ஓடி, ரிலீஸ் பில்டில் (வெளியிடுவதற்காகக் கம்பைல் செய்தது) மட்டும் விசித்திரமாக நடக்கும் நிரல்களில் ஒரு பங்குக்கு இதுவே காரணம்.

முதல் படி: எச்சரிக்கையை மறுபடி வரவழைத்தல்

எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, எந்த ஆப்ஷன்கள் என்ற மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இது சம்பிரதாயம் அல்ல. குனுவின் கம்பைலரான ஜிசிசியில் ‘டபிள்யூ-ஆல்’ (-Wall) கொடுத்தாலே ‘அன்இனிஷியலைஸ்டு’, ‘மேபி-அன்இனிஷியலைஸ்டு’ என்ற இரு எச்சரிக்கைகளும் இயங்கத் தொடங்கும். ஆனால் இரண்டாவது வகைக்கு ஆப்டிமைசேஷன் (நிரலைச் சுருக்கி வேகமாக்கும் வேலை) தேவை. மாறிகள் எந்தப் பாதையில் எப்படிப் போகின்றன என்ற தகவலை ஜிசிசி ஆப்டிமைஸ் செய்யும்போதுதான் திரட்டுகிறது. அதனால் ஆப்டிமைசேஷனே வேண்டாம் என்னும் ‘ஓ-0’ (-O0) கொடுத்தால் அமைதியாக இருக்கும் அதே கோப்பு ‘ஓ-2’ கொடுத்ததும் பேசும். ‘ஓ-3’ கொடுத்தால் வேறு இடத்தில் பேசும்.

இன்னொரு கம்பைலரான கிளாங் வேறு மாதிரி. அது மூல நிரலின் கிளைகளை நேரடியாகப் பார்த்தே முடிவெடுப்பதால் ஆப்டிமைசேஷன் அளவைப் பொறுத்து அதன் எச்சரிக்கைகள் மாறுவதில்லை. இரண்டிலும் கம்பைல் செய்து, இரண்டின் வெளியீட்டையும் தனித்தனிக் கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சொல்லி மற்றொன்று சொல்லாத இடங்கள்தான் பெரும்பாலும் சுவையான இடங்கள். அதன்பின் முழுத் திட்டத்தையும் மீண்டும் மீண்டும் பில்ட் செய்து நேரம் வீணாக்காமல், அந்த ஒரு கோப்பைக் கம்பைல் செய்யும் கட்டளையை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: எச்சரிக்கை எவ்வளவு உறுதியாகப் பேசுகிறது?

வெறும் ‘அன்இனிஷியலைஸ்டு’ என்று வந்தால், கம்பைலருக்குச் சந்தேகம் இல்லை. அந்த இடத்தை எட்டினால் மாறியில் மதிப்பு இல்லை என்று அது அடித்துச் சொல்கிறது. ‘மேபி’ சேர்ந்து வந்தால், மதிப்பு கிடைக்காத ஒரு பாதை தெரிகிறது, அந்தப் பாதை நடைமுறையில் சாத்தியமில்லை என்று தன்னால் நிறுவ முடியவில்லை என்று பொருள். கிளாங்கின் ‘சம்டைம்ஸ்-அன்இனிஷியலைஸ்டு’ இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது: இன்ன இஃப் நிபந்தனை உண்மையானால் மதிப்பு இல்லை என்று வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். பாதையைத் தேடும் வேலையில் பாதியை அதுவே முடித்துவிடுகிறது.

ஆனால் அதே கிளாங், அடுத்த வரியில், இந்த எச்சரிக்கையை அடக்க மாறிக்குத் தொடக்க மதிப்பு கொடுங்கள் என்ற ஒரு குறிப்பையும் சேர்த்து அச்சிடுகிறது. பிழையைத் திருத்த என்று அது சொல்லவில்லை, அடக்க என்றுதான் சொல்கிறது. அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றி அனுப்பப்பட்ட பேட்ச்களைப் பார்த்துச் சலித்துப்போன பராமரிப்பாளர்கள் பலர்.

மூன்றாம் படி: பாதையைத் தேடுதல்

வேலையின் கனமான பகுதி இதுதான். மாறி பயன்படுத்தப்படும் வரியிலிருந்து தொடங்கி, அறிவிக்கப்பட்ட வரியை நோக்கிப் பின்னோக்கி வாசியுங்கள். வழியில் வரும் ஒவ்வொரு இஃப், ஸ்விட்ச், லூப், கோடூ ஆகியவற்றின் எதிரே, இந்த வழியாக வந்தால் மதிப்பு இடப்பட்டதா என்று தாளில் எழுதுங்கள். தாளில் என்று வேண்டுமென்றே சொல்கிறேன். நான்கு கிளைகளுக்கு மேல் போனால் மனக்கணக்கு ஏமாற்றிவிடும்.

லூப்பில் கவனம் அதிகம் தேவை. நம் பதிவேட்டு நிரலில், வரிகளை ஒவ்வொன்றாக வாசித்து, கடைசியாக வாசித்த மட்டத்தை ‘கடைசி’ என்ற மாறியில் வைத்து, லூப் முடிந்ததும் அச்சிடுகிறோம் என்று கொள்வோம். பதிவேடு காலியாக இருந்தால் லூப்பின் உடல் ஒருமுறைகூட ஓடாது. ‘கடைசி’க்கு மதிப்பே கிடைக்காது. எழுதியவர் காலிக் கோப்பை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். இந்த வகை எச்சரிக்கை உண்மையான பிழையாக முடிவதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

கோடூ வைத்துத் துப்புரவு செய்யும் நிரல்களில் இன்னொரு வகை வரும். ஃபங்ஷனின் இறுதியில் ஒரு லேபிள். இடையில் எங்கே தவறு நேர்ந்தாலும் அங்கே தாவி, மெமரியை விடுவித்து, ‘ரெட்’ என்ற மாறியை ரிட்டர்ன் செய்வார்கள். பின்னொரு நாளில் வேறொருவர் நடுவில் ஒரு புதிய சோதனையைச் சேர்த்து, ‘ரெட்’டுக்குப் பிழை எண்ணை இடாமல் கோடூ மட்டும் எழுதிவிடுவார். இங்கே ‘ரெட்’டுக்குச் சுழியத்தைத் தொடக்க மதிப்பாகக் கொடுப்பது ஆபத்தான திருத்தம், ஏனெனில் பல திட்டங்களில் சுழியம் என்றால் வெற்றி, தோல்வியை வெற்றி என்று அறிவிக்கும் ஃபங்ஷனை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

ஈனம் (enum) வகை மாறியின், அதாவது பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல் கொண்ட மாறியின் மேல் எழுதப்பட்ட ஸ்விட்ச்சில் எல்லாப் பெயர்களுக்கும் கிளை இருந்தும் ஜிசிசி எச்சரிக்கலாம். ஈனம் மாறிக்குள் பட்டியலில் இல்லாத ஓர் எண்ணும் இருக்க முடியும் என்பது அதன் வாதம். பட்டியல் முழுவதும் கையாளப்பட்டிருந்தால் கிளாங் அதை நம்பிவிடும். மதிப்பு கோப்பிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ வருகிறது என்றால் ஜிசிசியின் பக்கமே நியாயம்.

பொய் எச்சரிக்கைகளும் உண்டு. பிழைச் செய்தியை அச்சிட்டு நிரலையே முடித்துவிடும் ஒரு ஃபங்ஷன் வேறு கோப்பில் இருந்தால், அதிலிருந்து கட்டுப்பாடு திரும்பாது என்று கம்பைலருக்குத் தெரியாது. அந்த ஃபங்ஷனின் அறிவிப்பில் ‘நோரிட்டர்ன்’ என்று குறித்தால், ஒரே திருத்தத்தில் பத்து இடங்களின் எச்சரிக்கைகள் ஒன்றாகப் போய்விடும். டீஃபால்ட் கிளையில் வெறும் அசர்ட் மட்டும் வைத்திருப்பது இதற்கு நெருங்கிய உறவு: டீபக் பில்டில் அசர்ட் தடுத்து நிறுத்தும், என்டீபக் வரையறுக்கப்பட்ட ரிலீஸ் பில்டில் அந்த வரியே இருக்காது, எச்சரிக்கை முளைக்கும். இதைப் பொய் எச்சரிக்கை என்று தள்ளிவிட முடியாது. ரிலீஸ் பில்டைப் பொறுத்தவரை அது உண்மையே.

கம்பைலர் வாயே திறக்காத இடத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்கேன்எஃப் போன்ற ஒரு வெளி ஃபங்ஷனுக்கு மாறியின் முகவரியைக் கொடுத்துவிட்டால், அது அங்கே மதிப்பை எழுதியிருக்கக் கூடும் என்று கம்பைலர் விட்டுவிடும். உள்ளீடு சரியாக இல்லாதபோது ஸ்கேன்எஃப் ஒன்றும் எழுதாமல் திரும்பும்; அதன் ரிட்டர்ன் மதிப்பைச் சோதிக்காத நிரல் வெற்று மாறியோடு மேலே நடக்கும். எச்சரிக்கை வந்த இடத்தைத் திருத்தும்போது, அதே ஃபங்ஷனில் முகவரி கொடுத்து அழைக்கும் இடங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: ஓட்டிப் பார்த்து உறுதி செய்தல்

பாதை கிடைத்துவிட்டால், அந்தப் பாதையில் நிரலைச் செலுத்தும் உள்ளீட்டைத் தயாரியுங்கள். நமக்கு அது எளிது: அலகு விடுபட்ட ஒரு வரி, ஒரு காலிக் கோப்பு. பிறகு மூன்று கருவிகளில் ஒன்றைப் பயன்படுத்தலாம்.

ஓடும் நிரலின் நினைவகப் பயன்பாட்டைக் கண்காணிக்கும் வால்கிரைண்டின் மெம்செக் எளிமையானது. மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதுகூட இல்லை. ஆனால் வெற்று மதிப்பு ஒரு மாறியிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கப்படும்போது அது மௌனமாக இருக்கும். அந்த மதிப்பை வைத்து ஒரு கிளை தீர்மானிக்கப்படும்போதோ, முகவரியாகப் பயன்படும்போதோ, சிஸ்டம் காலுக்கு (இயங்குதளத்திடம் வேலை கேட்கும் அழைப்பு) போகும்போதோதான் புகார் சொல்லும். ஆகையால் புகார் வரும் வரி ஒன்று, பிழை பிறந்த வரி வேறு. ‘ட்ராக்-ஆரிஜின்ஸ்’ ஆப்ஷனைச் சேர்த்தால் பிறந்த இடத்தைச் சொல்லும். நிரல் மேலும் மெதுவாகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிளாங்கோடு வரும் மெமரி சானிடைசர் வேகமானது, துல்லியமானது. ஆனால் நிரல் இணைக்கும் நூலகங்களும் அதே முறையில் கம்பைல் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் நூலகம் எழுதிய மதிப்பையும் வெற்று என்று அது கருதிப் பொய்ப் புகார்களைக் கொட்டும். சிறு நிரல்களுக்குச் சரி. நூலகங்கள் நிறைந்த பெரிய திட்டத்தில் இதை அமைப்பதே தனி வேலை.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. கிளாங் 8 முதலும் ஜிசிசி 12 முதலும் ‘ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்’ என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதற்கு ‘பேட்டர்ன்’ என்று கொடுத்தால், மதிப்பின்றி அறிவிக்கப்பட்ட மாறிகளில் கண்ணை உறுத்தும் ஒரு மதிப்பைக் கம்பைலரே நிரப்பும். ஜிசிசி ஒவ்வொரு பைட்டிலும் பதினாறடிமான எஃப்ஈ என்ற எண்ணை இடுகிறது. 4 பைட் கொண்ட நம் ‘ஓட்டம்’, அலகு விடுபட்ட வரிக்கு வினாடிக்கு -1,68,43,010 கன அடி என்று காட்டும். எவரும் அதை உண்மை அளவு என்று நினைக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்த ஆப்ஷனோடு கம்பைல் செய்ததை வால்கிரைண்டில் ஓட்டினால் பிழை அகப்படாது, மாறியில்தான் மதிப்பு நிரப்பப்பட்டுவிட்டதே.

ஐந்தாம் படி: திருத்துதல்

இப்போதுதான் நிரலில் கை வைக்க வேண்டும். ‘ஓட்ட’த்துக்குச் சுழியம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த இடத்தில் யோசித்துப் பாருங்கள். அலகு எழுதப்படாத நாளில் மணக்கடவில் 0 கன அடி ஓடியது என்று அறிக்கை சொல்லும். அதாவது அன்று தண்ணீரே விடப்படவில்லை என்று பொருள்படும். இரு மாநிலங்கள் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் ஓர் அட்டவணையில், -1,68,43,010 என்ற எண்ணைக் கண்டால் யாராவது நிறுத்திக் கேட்பார்கள். 0 என்ற எண்ணைக் கண்டால் சண்டைதான் வரும். சுழியம் நம்பத்தகுந்த ஒரு மதிப்பு என்பதே அதன் ஆபத்து. போதாக்குறைக்கு, தொடக்கத்திலேயே ஒரு மதிப்பு வைத்துவிட்டால் இனிமேல் அந்த ஃபங்ஷனில் யார் கிளையைத் தவறவிட்டாலும் கம்பைலர், வால்கிரைண்ட், சானிடைசர் மூன்றும் வாய் திறக்கா.

ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை இது. மாறியின் அறிவிப்பை அதற்கு மதிப்பு கிடைக்கும் வரிக்கே இறக்கிவிட முடியுமானால் அதைச் செய்யுங்கள். பாதி எச்சரிக்கைகள் இதிலேயே தீரும். இயலாவிட்டால் விடுபட்ட கிளையை எழுதுங்கள்: நம் ஸ்விட்ச்சுக்கு ஒரு டீஃபால்ட், அதில் வரி எண்ணோடு ஒரு பிழைச் செய்தி, பிழை என்று தெரியும்படி ஒரு ரிட்டர்ன். சுழியத்துக்கு அந்த இடத்தில் உண்மையிலேயே பொருள் இருந்தால், எடுத்துக்காட்டாகக் கூட்டுத்தொகை சேர்க்கும் மாறி என்றால், தயங்காமல் சுழியம் கொடுங்கள். பொய் எச்சரிக்கை என்று உறுதியான பின்பே, காரணத்தை ஒரு கமெண்டில் எழுதிவிட்டு, மதிப்புக் கொடுத்து அடக்கலாம்.

மாறிக்கு அதன் மதிப்பையே இட்டு எச்சரிக்கையை ஏமாற்றும் பழைய தந்திரத்தைக் கையாளாதீர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இதற்கென்றே ஒரு மேக்ரோ இருந்தது. அது உண்மையான பிழைகளையும் மறைத்ததால் 2020-இல் 5.9 பதிப்பில் அடியோடு நீக்கினார்கள்.

பாதை தெரியாமல் திருத்தினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பில் நடந்ததே போதும். மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் தொடக்க மதிப்பில்லாத நினைவகம் பயன்படுவதாக வால்கிரைண்ட் புகார் சொன்னது; கம்பைலர் அல்ல, ஆனாலும் கேள்வி இதேதான். 2006-இல் டெபியனில் அதற்குக் காரணமான, பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த இரண்டு வரிகளை நீக்கினார்கள். அவற்றில் ஒன்றை நீக்கியதால் பெரிய கேடில்லை. மற்றொன்றோ, சீரற்ற எண் உருவாக்கத்துக்கு வேண்டிய விதை முழுவதும் உள்ளே போகும் வாசல். அது போனதும் மிஞ்சிய வேறுபாடு, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் பிராசஸ் எண் மட்டுமே. ஒரு வகைக் கணினியில் ஒரு நீளத்துக்குச் சாத்தியமான சாவிகள் 32,767 ஆகச் சுருங்கின. 2008 மே மாதத்தில் வெளிப்படும்வரை டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் உருவான எஸ்எஸ்எச் சாவிகள் (வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையப் பயன்படுபவை) ஊகிக்கக்கூடியவையாக இருந்தன. புகார் மட்டும் அடங்கியிருந்தது.

ஆறாம் படி: பேட்ச்சை எழுதி அனுப்புதல்

கெர்னல் பராமரிப்பாளர்கள் ‘மேபி’ வகை எச்சரிக்கையோடு பட்ட பாட்டை அறிந்துகொண்டால், உங்கள் பேட்ச்சை அவர்கள் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்பது விளங்கும். பொய் எச்சரிக்கைகள் பெருகியதால் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2016-இல் அதை அணைத்தார். பிறகு ஓரளவு திரும்ப வந்தது. ஜிசிசி 10 வந்த 2020-இல் சாதாரண பில்டிலிருந்து மறுபடியும் நீக்கினார். பல திட்டங்களிலும் மனநிலை இதுதான். எச்சரிக்கையை அடக்கினேன் என்று மட்டும் சொல்லும் கமிட் செய்தி (பேட்ச்சோடு போகும் விளக்கம்) அங்கே எடுபடாது.

கமிட் செய்தியில் எச்சரிக்கையின் மூல வாசகத்தையும், கம்பைலர் பதிப்பையும், ஆப்ஷன்களையும் முதலில் தாருங்கள். அடுத்து பாதையை எழுதுங்கள்: எந்த உள்ளீடு வந்தால், எந்த நிபந்தனை பொய்யாகி, எந்த வரியில் வெற்று மாறி வாசிக்கப்படுகிறது. பொய் எச்சரிக்கை என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையை வைத்து, அந்தக் கிளை எந்தக் கமிட்டில் விடுபட்டது என்று கண்டுபிடித்துக் குறிப்பிடுவது பழைய வெளியீடுகளுக்கும் திருத்தத்தைக் கொண்டுபோக உதவும். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்ற தயக்கம் நம் பக்கத்து மாணவர்களிடம் உண்டு. பாதை தெளிவாக இருந்தால் மூன்று சிறு வாக்கியங்கள் போதும், யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

ஒரு பேட்ச்சில் ஒரு பிழை மட்டும். நாற்பது கோப்புகளில் நாற்பது சுழியங்களைச் சேர்த்து ஒன்றாக அனுப்பினால், அதைப் படிக்க வேண்டியவர் நாற்பது பாதைகளையும் தானே தேட வேண்டியிருக்கும். அவர் தேட மாட்டார். திட்டத்தில் சோதனைத் தொகுப்பு இருந்தால், நான்காம் படியில் தயாரித்த அந்தக் காலிக் கோப்பையும் அலகில்லாத வரியையும் சோதனையாகவே சேர்த்துவிடுங்கள்.

எச்சரிக்கைகளைப் பிழையாகவே கருதும் ‘டபிள்யூ-எரர்’ ஆப்ஷனை வெளியீட்டு பில்டில் நிரந்தரமாக வைக்கும்படி பரிந்துரைக்காதீர்கள். கம்பைலரின் புதிய பதிப்பு வந்ததும் நிரல் பில்ட் ஆகாமல் நிற்கும். ஜிசிசி 11-இல், கான்ஸ்ட் சுட்டியை வாங்கும் ஃபங்ஷனுக்கு வெற்று மாறியின் முகவரி கொடுத்தாலும் எச்சரிக்கத் தொடங்கினார்கள். அதுவரை சுத்தமாகக் கம்பைல் ஆன நிரல்களிலும் அந்த வரிகள் புதிதாகத் தோன்றின. தானியங்கிச் சோதனையில் மட்டும், கம்பைலர் பதிப்பை நிலைநிறுத்தி வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம்.

அனுப்பிய பின் வரும் முதல் மறுமொழி, என்னிடம் இந்த எச்சரிக்கை வரவில்லையே என்பதாக இருக்கக்கூடும். அவர் வேறு பதிப்பிலோ, ‘ஓ-0’ கொடுத்தோ கம்பைல் செய்திருப்பார். முதல் படியில் தனியே எடுத்து வைத்த அந்த ஒரு கோப்பின் முழுக் கட்டளையையும், பிழையை வெளிக்கொணரும் உள்ளீட்டையும் அப்படியே அனுப்பிவையுங்கள்.